சிராக்கூசாவில் மூன்று நாள்: எந்தக் கல்லுக்கு எவ்வளவு நேரம்

சிசிலித் தீவின் தென்கிழக்குக் கரையில் உள்ள சிராக்கூசாவுக்கு ஒரு நாள் பயணமாக வருவோர் பெரும்பாலும் தொல்லியல் பூங்காவுக்கு நான்கு மணி நேரமும், பாலத்துக்கு அப்பால் சிறு தீவாக இருக்கும் பழைய நகரமான ஓர்த்தீஜாவுக்கு ஒரு மணி நேரமும் ஒதுக்குகிறார்கள். சீட்டு வாங்கிப் பார்க்கிற இடம், வாங்காமல் பார்க்கிற இடத்தைவிடப் பெரிதாகத்தான் இருக்கும் என்று மனம் கணக்குப் போடுவது இயல்பே. சென்ற அக்டோபரில் மூன்று நாள் தங்கிப் பார்த்த பிறகு, அந்தக் கணக்கைத் திருப்பிப் போட வேண்டும் என்ற முடிவுக்கு வந்தேன். வேலி போட்டுக் காத்துவைத்திருக்கும் இடிபாடுகளைவிட, இன்றும் ஆள் புழங்குகிற பழைய கட்டடங்களே இந்த ஊரில் அதிகம் பேசுகின்றன. கீழே வரும் மதிப்பீடு முழுவதும் அந்த அளவுகோலில் எழுதியது. இடிபாடுகளின் அமைதியை விரும்புகிறவர்கள் என் மதிப்பெண்களைச் சற்றுக் கூட்டியோ குறைத்தோ வைத்துக்கொள்ளலாம்.

பலெர்மோவில் ஈழத் தமிழர் கணிசமாக வாழ்கிறார்கள். என் சித்தியின் குடும்பமும் அவர்களில் ஒன்று. இத்தனை ஆண்டுகள் சிசிலியிலேயே இருந்தும் சிராக்கூசாவைப் பார்த்ததில்லை என்பதால் சித்தியும் உடன் வந்தார். கத்தானியா விமான நிலையத்திலிருந்து சிராக்கூசா ஏறத்தாழ 60 கிலோமீட்டர். பேருந்தும் உண்டு, கத்தானியா நகரிலிருந்து இரயிலும் உண்டு. இரயில் நிலையத்திலிருந்து பாலத்தைக் கடந்து ஓர்த்தீஜாவுக்குள் நடந்தே போய்விடலாம். ஓர்த்தீஜாவின் உட்பகுதிக்குள் வெளியூர் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு இருப்பதால், வாடகைக் கார் எடுத்து வருவோர் பாலத்துக்கு அருகிலேயே நிறுத்திவிடுவது பணத்துக்கும் மனத்துக்கும் நல்லது.

முதலில் தலைமைப் பேராலயத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்தப் பயணத்தின் முழுப் பலனும் அதில்தான் இருக்கிறது. கொரிந்து நகரத்தார் கி.மு. 8ஆம் நூற்றாண்டில் வந்து குடியேறிய சிராக்கூசாவில், கி.மு. 480இல் ஹிமேராப் போரில் கார்த்தேஜ் படையை வென்ற கெலோன் என்ற ஆட்சியாளர் அத்தீனா தேவிக்குக் கட்டிய கோயில் இது. முகப்பில் ஆறு, பக்கத்துக்குப் பதினான்கு என டோரிக் என்ற கிரேக்கப் பாணியில் 36 தூண்கள் கருவறையைச் சுற்றி நின்றன. நம் ஊர் மொழியில் சொன்னால் அது ஒரு திருச்சுற்று. கோயிலின் உச்சியில் இருந்த கேடயம் கடலில் செல்லும் மாலுமிகளின் கண்ணுக்குத் தெரிந்தது என்று பழைய நூல்கள் சொல்கின்றன. ரோமானிய ஆளுநர் வெர்ரெஸ் இக்கோயிலின் சுவரில் இருந்த ஓவியங்களையும் கதவுகளில் இருந்த தங்க, தந்த வேலைப்பாடுகளையும் பெயர்த்துக்கொண்டு போனதை, அவர்மேல் வழக்காடிய ரோமானியப் பேச்சாளர் சிசெரோ குற்றச்சாட்டாகவே எழுதி வைத்திருக்கிறார். கி.பி. 7ஆம் நூற்றாண்டில் கோயில் தேவாலயமாயிற்று. 878இல் அரபியர் நகரைக் கைப்பற்றிய பின் பள்ளிவாசலாயிற்று. நோர்மானியர் வந்தபின் மீண்டும் தேவாலயமாயிற்று.

மாற்றிய விதந்தான் கண்கொள்ளாதது. தேவாலயமாக்கியவர்கள் கோயிலை இடித்துத் தள்ளவில்லை. வெளித்தூண்களுக்கு இடையில் இருந்த வெளியைச் சுவர் வைத்து அடைத்தார்கள். கருவறையின் இரு பக்கச் சுவர்களிலும் எட்டு எட்டு வளைவுகளை வெட்டித் திறந்தார்கள். திறந்திருந்த திருச்சுற்று மூடிய பக்கக்கூடம் ஆயிற்று, மூடியிருந்த கருவறை திறந்த நடுக்கூடம் ஆயிற்று. உள்ளே போய் நடுவில் நின்று இருபுறமும் பார்த்தால், வளைவுகளுக்கு மேலே இருப்பது கருவறைச் சுவரின் அதே பழைய கல் என்பது மெல்லப் புலப்படும். மேற்கு வாசலுக்குள் நுழைந்ததும் இரு பெருந்தூண்கள் நிற்கின்றன. அலங்காரத்துக்காகக் கொண்டுவந்து வைத்தவை என்று எண்ணி எல்லோரும் அவற்றைக் கடந்து போகிறார்கள். அவையும் கோயிலின் தூண்களே.

பேராலயத்தின் வடபுறத்தில் வீயா மினெர்வா என்ற தெரு ஓடுகிறது. சீட்டு வாங்க விரும்பாதவர்களுக்கு இந்தத் தெருவே போதும். சுவருக்குள் பாதி புதைந்தும் பாதி வெளியே பிதுங்கியும் தூண்கள் வரிசையாக நிற்கின்றன; அவற்றுக்கு மேலே கோட்டைச் சுவர்போல் பல்வரிசை வைத்துக் கட்டியிருக்கிறார்கள். நிலநடுக்கங்களில் சில தூண்கள் தம் நிலையிலிருந்து பெயர்ந்திருப்பது வெறுங்கண்ணுக்கே தெரிகிறது. ஒரு தூணின் வரிப்பள்ளத்துக்குள் என் உள்ளங்கை முழுதும் அடங்கியது. சுண்ணாம்புக்கல்லின் மேல்தோல் இடைக்கிடையே உதிர்ந்து, உள்ளே சிறு சிப்பி ஓடுகளின் அச்சு தெரிந்தது. வெயில் படாத அந்தப் பக்கம் காலை பத்து மணிக்கும் சில்லென்றிருந்தது. சித்தி தூணில் கையை வைத்தபடி, "கோயிலாயும் இருந்திருக்கு, பள்ளிவாசலாயும் இருந்திருக்கு, இப்ப சேர்ச். இந்தத் தூணை மட்டும் ஒருத்தரும் அசைக்கேல்லை" என்றார். தூணடியில் ஒருவர் தமது ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுத் தொலைபேசியில் யாருடனோ சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்.

முன்புற முகப்பு வேறு கதை. 1693ஆம் ஆண்டு ஜனவரியில் கிழக்குச் சிசிலியைத் தரைமட்டமாக்கிய நிலநடுக்கத்தில் பழைய முகப்பு விழுந்தது. அந்திரேயா பால்மா வடிவமைத்த இப்போதைய பரோக் முகப்பு 18ஆம் நூற்றாண்டில் எழுந்தது. மாலை வெயிலில் அந்த வெண்கல் முகப்பு தேன் நிறம் கொள்ளும் வேளையில் சதுக்கம் முழுவதும் கைபேசிகள் உயர்கின்றன. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் முகப்பை மட்டும் படம் பிடித்துவிட்டுப் பக்கத் தெருவுக்குத் திரும்பாமல் போகிறவர்களைப் பார்த்தபோது, இலை போட்டதும் அப்பளத்தை மட்டும் தின்றுவிட்டு எழுந்து போகிறவர்கள்தான் நினைவுக்கு வந்தார்கள். உள்ளே வலப்பக்க முதல் சிற்றாலயத்தில் இருக்கும் திருமுழுக்குத் தொட்டியையும் தவறவிடக் கூடாது: கிரேக்கக் காலத்துப் பளிங்குச் சாடி, அதைத் தாங்கும் ஏழு சிறு சிங்கங்களோ இடைக்காலத்தவை. கட்டடம் முழுவதும் நடந்த கதை அந்த ஒரு தொட்டியிலும் நடந்திருக்கிறது. பேராலயத்துக்கு ஐந்துக்கு ஐந்து.

ஓர்த்தீஜாவுக்குள் நுழைந்ததும் முதலில் எதிர்ப்படுவது அப்பல்லோ கோயிலின் எச்சம். கி.மு. 6ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது. சிசிலியின் மிகப் பழைய டோரிக் கோயில்களில் ஒன்று. தூண்கள் ஒவ்வொன்றையும் ஒரே கல்லாகச் செதுக்கியிருக்கிறார்கள். இவ்வளவு பெரிய கூரையை எத்தனை தூண் தாங்கும் என்று அப்போது யாருக்கும் திட்டமாகத் தெரியாததாலோ என்னவோ, தூண்களை நெருக்கி நெருக்கி நட்டிருக்கிறார்கள். கிழக்குப் படிக்கட்டில் கிளெயோமெனெஸ் என்பவர் இதை அப்பல்லோவுக்குச் செய்தார் என்ற கல்வெட்டு உண்டு. கட்டியவர் தம் பெயரைக் கோயில் படியிலேயே பொறித்துக்கொண்டது அந்தக் காலத்துக்கு அரிது. பிறகு இதுவும் தேவாலயமாகவும் பள்ளிவாசலாகவும் ஸ்பானியப் படை முகாமாகவும் இருந்திருக்கிறது. பின்னாளில் மேலே கட்டியிருந்தவற்றை அகற்றி அடித்தளத்தை வெளிக்கொணர்ந்தார்கள். இன்று சில தூண்களும் கருவறைச் சுவரின் ஒரு பகுதியும் புல்லும் பூனைகளும் மட்டும். இதற்கு மூன்று மதிப்பெண் தருகிறேன்; பேராலயத்தைப் பார்த்துவிட்டு வந்து பார்த்தால் நான்கு. ஏனென்றால் பேராலயத்தின் மேல்தோலை உரித்தால் உள்ளே என்ன இருக்கும் என்பதை இது காட்டுகிறது. தெருவிலிருந்தே எல்லாம் தெரியும். காலையில் இதை ஒட்டியே மீன் சந்தை நடக்கிறது. வாள்மீனின் தலையை வாளோடு நிமிர்த்தி வைத்துத் துண்டு போடுகிறார்கள். நண்பகல் கடந்தால் சந்தை கலைந்துவிடும்.

தீவின் மேற்குக் கரையில் இருக்கும் அரெத்தூசா ஊற்றைப் பற்றி எதிர்பார்ப்பைச் சற்றுத் தணித்துக்கொண்டு போக வேண்டும். கிரேக்கத்தில் அல்பேயோஸ் என்ற ஆற்றுத் தேவனிடமிருந்து தப்பி ஓடிய அரெத்தூசா என்ற நீரணங்கு, கடலுக்கடியில் வந்து இங்கே ஊற்றாக எழுந்தாள் என்பது தொன்மம். உப்புக் கடலுக்குச் சில அடி தள்ளி நன்னீர் பொங்குவதைக் கண்ட குடியேறிகள் இப்படி ஒரு கதையைச் சொல்லாமல் இருந்திருந்தால்தான் வியப்பு. சிசெரோவும் இந்த ஊற்றின் மீன்களையும், கடல் அலை உள்ளே புகாமல் தடுத்த கற்சுவரையும் பற்றி எழுதியிருக்கிறார். நெல்சனின் கப்பற்படை 1798ஆம் ஆண்டு ஜூலையில் சிராக்கூசாவில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு போய்த்தான் எகிப்தின் கரையில் நெப்போலியனின் கப்பல்களை முறியடித்தது. இவ்வளவு புகழ் கொண்ட ஊற்று இன்று வட்டச் சுவருக்குள் இருக்கும் சிறு குளம். நடுவில் பாப்பிரஸ் கோரை, சுற்றி வாத்துகள். உள்ளூர்க்காரர்கள் இதை வாத்து ஊற்று என்றே சொல்கிறார்கள். ஐந்து நிமிடம் போதும். ஆனால் அந்த ஐந்து நிமிடத்தைச் சூரியன் மறைகிற நேரத்தில் வைத்துக்கொண்டால், பெரிய துறைமுகம் முழுவதும் கண்முன் விரியும். கி.மு. 413இல், நகரை முற்றுகையிட வந்த ஏதென்ஸின் கப்பல்கள் சிக்கிக்கொண்டு அழிந்தது இந்த வளைகுடாவுக்குள்தான். வாய் எவ்வளவு குறுகல், உள்ளே எவ்வளவு அகலம் என்பதை இங்கே நின்று பார்த்த பிறகுதான், வாயை அடைத்ததும் உள்ளே இருந்தவர்களுக்கு ஏன் வழியே இல்லாமல் போயிற்று என்பது எனக்குப் புரிந்தது.

தீவின் தென்முனையில் கஸ்தெல்லோ மனியாச்சே கோட்டை. பேரரசர் இரண்டாம் பிரெடெரிக் 1232க்கும் 1240க்கும் இடையில் கட்டியது. 1038இல் நகரை மீட்ட பைசாந்தியத் தளபதி மனியாக்கெஸின் பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது. 1704இல் வெடிமருந்துக் கிடங்கு வெடித்ததில் பெரும்பகுதி சிதைந்தது. எஞ்சிய மண்டபத்தில் தூண்களின் தலையிலிருந்து விரியும் கல் விலா எலும்புகள் மிக நேர்த்தியானவை. வாசலின் இருபுறமும் வைத்திருந்த வெண்கல ஆட்டுக்கடாக்களில் ஒன்று 1848 கிளர்ச்சியில் அழிந்துவிட்டது, மற்றொன்று பலெர்மோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதைச் சித்தி பலமுறை பார்த்திருக்கிறாராம். அதனுடைய வீட்டை இப்போதுதான் பார்க்கிறார். காட்சிப்பொருள் என்று உள்ளே அதிகம் இல்லை. கடற்காற்றுக்காகவும் அந்த ஒரு மண்டபத்துக்காகவும் மூன்றரை.

யூதர்கள் வாழ்ந்த ஜூதெக்கா பகுதி பற்றி வழிகாட்டிப் புத்தகங்கள் இரண்டு வரியோடு நிறுத்திக்கொள்கின்றன, அது நியாயமில்லை. அங்குள்ள ஒரு பழைய மாளிகையின் அடியில், தெருமட்டத்திலிருந்து சுமார் 18 மீட்டர் ஆழத்தில், யூதர்களின் சடங்கு நீராட்டுக் குளம் ஒன்று இருக்கிறது. பாறையைக் குடைந்து செதுக்கிய படிகளில் இறங்கிப் போனால், நான்கு தூண்கள் தாங்கும் ஒரு சிறு அறை, தரையில் குளங்கள், அவற்றில் இன்றும் நிலத்தடி நீர் ஊறி நிற்கிறது. 1492இல் ஸ்பானிய முடியாட்சி யூதர்களை வெளியேற்றும் ஆணை பிறப்பித்தபோது சிசிலியும் அந்த முடியின் கீழ் இருந்தது. போகிறவர்கள் குளத்தின் வாயை மண் போட்டு மூடிவிட்டுப் போனார்கள்; மாளிகையைச் சீரமைத்த 1980களில்தான் அது மீண்டும் வெளிப்பட்டது. குறிப்பிட்ட நேரங்களில் சிறு குழுவாக மட்டும் அழைத்துப் போகிறார்கள், உள்ளே படம் எடுக்க அனுமதியில்லை. கீழே ஈரமும் இருட்டும் உண்டு. முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்து இறங்க வேண்டும். சித்தி மேலேயே இருந்துவிட்டார். எனக்கு இந்த இருபது நிமிடம் கோட்டையில் கழித்த ஒரு மணி நேரத்தைவிடப் பெரிது. பேராலயச் சதுக்கத்தின் கீழும் இதுபோன்ற சுரங்க வழிகள் உள்ளன. இரண்டாம் உலகப் போரில் குண்டு வீச்சுக்கு அஞ்சிய மக்கள் அவற்றில்தான் பதுங்கினார்கள். சதுக்கத்தில் இறங்கினால் கடற்கரைப் பக்கம் வெளியே வரலாம்.

இனி ஒரு குறை. இரண்டாம் நாள் காலை, நகரையும் பூங்காவையும் சேர்த்துக் காட்டும் நடைச்சுற்றுலா ஒன்றுக்கு இணையத்தில் முன்பதிவு செய்திருந்தோம். நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். பன்னிரண்டு பேர் என்று சொன்ன குழுவில் இருபத்தாறு பேர் இருந்தோம். காதில் மாட்டத் தந்த கருவி பாதி நேரம் இரைந்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சாலையோரத்தில் ஒரு கல்லறைக் குகையின் முன் நிறுத்தி, "இதுவே ஆர்க்கிமிடீஸின் கல்லறை" என்று வழிகாட்டி உறுதியாகச் சொன்னதைத்தான் பொறுக்க முடியவில்லை. முக்கோண முகப்பு வைத்த அந்தக் குகை குரோத்திச்செல்லே இடுகாட்டில் இருக்கிறது. அது ரோமானியர் காலத்தில் சாம்பல் கலசங்கள் வைப்பதற்காகக் குடைந்த அறை. ஆர்க்கிமிடீஸ் கொல்லப்பட்டது கி.மு. 212இல், ரோமானியத் தளபதி மார்செல்லுஸின் படை நகருக்குள் புகுந்தபோது. அவருடைய உண்மையான கல்லறையைக் கி.மு. 75இல் சிசிலிக்கு அதிகாரியாக வந்த சிசெரோ தேடிக் கண்டுபிடித்தார். முட்புதருக்கு மேலே தலைகாட்டிய ஒரு சிறு தூணில், ஆர்க்கிமிடீஸ் ஆராய்ந்த கோளமும் உருளையும் செதுக்கியிருந்ததை வைத்து அடையாளம் கண்டதாக அவரே எழுதியிருக்கிறார். உள்ளூர்க்காரர்கள் அப்போதே அதை மறந்துபோயிருந்தார்கள். அதன்பின் அது எங்கே என்று யாருக்கும் தெரியாது. இந்தக் கதை பொய்க் கல்லறையைவிட எவ்வளவு சுவையானது! அதைச் சொல்லியிருந்தால் கொடுத்த பணம் செரித்திருக்கும். மறுநாள் நாங்கள் இருவர் மட்டும் பேருந்து பிடித்துப் பூங்காவுக்கு மீண்டும் போனோம்.

நேயாபோலிஸ் எனப்படும் அந்தப் பூங்காவின் உயிர் கிரேக்க அரங்கு. குன்றின் சரிவில் பாறையையே படிப்படியாகக் குடைந்தெடுத்த அரங்கு; குடைவரை என்ற நம் சொல் இதற்கு அப்படியே பொருந்தும். கி.மு. 5ஆம் நூற்றாண்டிலேயே இங்கே அரங்கு இருந்தது, கிரேக்க நாடகாசிரியர் எஸ்கைலஸ் தம் நாடகங்களைச் சிராக்கூசாவில் மேடையேற்றியிருக்கிறார். இப்போது காணும் வடிவம் கி.மு. 3ஆம் நூற்றாண்டில் சிராக்கூசா அரசர் இரண்டாம் ஹியெரோன் விரிவாக்கியது. குறுக்களவு ஏறத்தாழ 138 மீட்டர். நடுநடைபாதையின் சுவரில், இருக்கைப் பிரிவு ஒவ்வொன்றுக்கும் மேலே பெயர்கள் பொறித்திருக்கிறார்கள்: ஒலிம்பிய செயுஸ், அரசர் ஹியெரோன், அரசி பிலிஸ்திஸ், மருமகள் நெரெயிஸ். மழையில் கரைந்துபோன எழுத்துகளைப் பக்கவாட்டு வெயிலில்தான் படிக்க முடியும். ஆகவே காலை முதல் மணி அல்லது மாலைக் கடைசி மணி. நண்பகலில் போனால் எழுத்தும் தெரியாது, நிழலும் கிடையாது.

அரங்குக்கு மேலே உள்ள மாடத்தில் ஒரு குகை. அதன் பின்சுவரிலிருந்து பழங்காலக் கால்வாய் ஒன்றின் தண்ணீர் இன்றும் கொட்டுகிறது. அதே தண்ணீரை வைத்து ஸ்பானியர் காலத்தில் அரங்கின் இருக்கைகள் மேலேயே மாவு அரைக்கும் ஆலைகளை நிறுவியிருந்தார்கள். ஆலைக்காரர் வீடு ஒன்று இன்னும் உச்சியில் நிற்கிறது. மேடைக் கட்டடத்தின் கற்களை 16ஆம் நூற்றாண்டில் பெயர்த்துக்கொண்டு போய் ஓர்த்தீஜாவின் கோட்டைச் சுவருக்கு வைத்தார்கள். ஆக, அரங்கின் பாதி ஓர்த்தீஜாவில்தான் இருந்திருக்கிறது. எங்கள் வழிகாட்டி இதையெல்லாம் சொல்லாமல், மேடை எங்கே என்று கேட்ட ஒருவருக்கு "காலம் அழித்துவிட்டது" என்று பதில் சொன்னார். காலத்தின் மேல் பழி போடுவது வசதியானது. கல்லைச் சுமந்துபோனது கழுதைகளும் கூலியாட்களும்.

கோடையில் போகத் திட்டமிடுவோருக்கு ஓர் எச்சரிக்கை. 1914இல் தொடங்கி, போர்க் காலங்கள் நீங்கலாக, இந்த அரங்கில் பழைய கிரேக்க நாடகங்களை மீண்டும் மேடையேற்றி வருகிறார்கள்; மே மாதம் முதல் ஜூலைத் தொடக்கம் வரை அதற்குரிய பருவம். கல் தேயாமல் இருப்பதற்காக அக்காலத்தில் இருக்கைகள் மேல் மரப்பலகை அடித்து மூடிவிடுகிறார்கள். நாடகம் பார்க்க வருகிறவர்களுக்கு அது பெரும் பேறு. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் எதற்காக வெட்டினார்களோ அதற்காகவே இன்றும் பயன்படும் இடம் வேறு எத்தனை இருக்கும்? பகலில் கல்லைப் பார்க்க மட்டும் வருகிறவர்களோ பலகையைத்தான் பார்ப்பார்கள். நான் போன அக்டோபரில் கல் முழுவதும் வெளியே இருந்தது. நாடக இரவு ஒன்றைப் பார்த்திருந்தால் ஐந்து தந்திருப்பேன். வெறும் கல்லுக்கு நான்கரை.

அரங்கை அடுத்த கற்குழியில் தியோனீசியஸின் காது. 23 மீட்டர் உயரமும் 65 மீட்டர் ஆழமும் கொண்ட, ஆங்கில எஸ் எழுத்துபோல் வளைந்த குகை. கல்வெட்டிகள் மேலிருந்து கீழாக அகழ்ந்துகொண்டே வந்ததால் உச்சி குறுகியும் அடி அகன்றும் இருக்கிறது. கொடுங்கோலன் தியோனீசியஸ் மேலே ஒரு துளையில் காதை வைத்துக் கைதிகளின் கிசுகிசுப்பைக் கேட்டான் என்ற கதையை 1608இல் இங்கே வந்த ஓவியர் கரவாஜோவோடு இணைக்கிறார்கள். காது என்ற பெயர் அவர் இட்டது. உள்ளே எல்லோரும் எதையாவது பாடிப் பார்க்கிறார்கள். ஒரு ஜெர்மானியப் பெண்மணி மெல்லிய குரலில் நான்கு வரி பாடியபோது குகை முழுவதும் மௌனமாயிற்று. அடுத்து ஒரு பள்ளிக்கூடமே உள்ளே வந்து கத்தியது. மூன்று மதிப்பெண். இக்கற்குழிகளின் உண்மையான கொடுமை காதுக் கதையைவிடப் பெரியது. கி.மு. 413இல் தோற்ற ஏதென்ஸ் படையில் ஏழாயிரத்துக்குக் குறையாத கைதிகளைக் கற்குழிகளில் அடைத்து, வெயிலிலும் பனியிலும் பட்டினியிலும் சாக விட்டதைக் கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் எழுதியிருக்கிறார். இன்று அங்கே எலுமிச்சையும் ஆரஞ்சும் காய்த்துத் தொங்குகின்றன.

ஹியெரோனின் பலிபீடம் ஏறத்தாழ 198 மீட்டர் நீளம். 450 எருதுகளை ஒருசேரப் பலியிட்டதாகச் சொல்லப்படும் இடம். இன்று எஞ்சியிருப்பது பாறையில் வெட்டிய அடித்தளம் மட்டுமே, அதையும் வேலிக்கு வெளியே நின்றுதான் பார்த்தோம். ரோமானிய வட்டரங்கு பெரியது, புல் மண்டியது. இரண்டையும் நடந்தபடியே பார்த்துக்கொள்ளலாம்.

பூங்காவில் கால் ஓய்ந்தவர்கள் அருகிலுள்ள பாவுலோ ஓர்சி தொல்லியல் அருங்காட்சியகத்தைத் தள்ளிவிடுவது வழக்கம். தள்ள வேண்டாம். மர நிழல் நிறைந்த தோட்டத்துக்குள், 1988இல் திறந்த இக்கட்டடத்தில், சிசிலியின் கிழக்குப் பகுதியில் தோண்டியெடுத்த பெரும்பாலான பொருள்கள் இருக்கின்றன. கூட்டம் கூடுவது 1804இல் கிடைத்த தலையில்லாத வீனஸ் சிலையின் முன். நான் போகச் சொல்வது நாணய அறைக்கு. கி.மு. 5ஆம் நூற்றாண்டின் இறுதியில் சிராக்கூசா வெளியிட்ட பத்து திராக்மா வெள்ளி நாணயம் உள்ளங்கையில் பாதிகூட வராது. அதில் அரெத்தூசாவின் தலை, வலையிட்ட கூந்தல், காதில் தொங்கட்டான், சுற்றி நான்கு டால்பின்கள். கழுத்தடியில் செதுக்கியவரின் கையொப்பம். உருப்பெருக்கி வைத்துப் பார்த்தால் கூந்தலின் இழைகள் தனித்தனியே தெரிகின்றன. வாத்துக் குளத்தில் கிடைக்காத அரெத்தூசாவை நான் இங்கேதான் பார்த்தேன். நாணய அறை திறக்கும் நேரம் தனி, அருங்காட்சியகத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது. நான்கரை.

கரவாஜோவைக் காண விரும்புவோர் இன்னொரு திருத்தத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். மால்ட்டாவில் சிறையிலிருந்து தப்பி வந்தவர், 1608இல் சிராக்கூசாவின் காவல் புனிதரான லூசியாவின் அடக்கத்தை இங்கே தீட்டினார். பழைய வழிகாட்டிப் புத்தகங்கள் அந்த ஓவியம் பேராலயச் சதுக்கத்திலுள்ள பதீயா தேவாலயத்தில் இருப்பதாகச் சொல்கின்றன. நாங்கள் அங்கே போய் ஏமாந்து, பிறகு பாலத்துக்கு அப்பால் போர்காத்தாப் பகுதியிலுள்ள, புனிதர் கொல்லப்பட்ட இடமாகக் கருதப்படும் தேவாலயத்துக்கு நடந்தோம். எந்த இடத்துக்காகத் தீட்டினாரோ அங்கேயே இப்போது தொங்குகிறது. நான்கு மீட்டர் உயரத் துணியில் மேற்பாதி வெறுஞ்சுவர். முன்னால் குழி வெட்டுகிற இருவரின் முதுகும் தோளும் யானைபோல் பெருத்திருக்க, அவர்களுக்கு நடுவே தரையில் கிடக்கும் பெண் சுருங்கிச் சிறுத்துத் தெரிகிறாள். அந்தத் தேவாலயத்தில் எங்களைத் தவிர நான்கே பேர்; முன் வரிசையில் ஒரு முதியவள் ஓவியத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு செபமாலை உருட்டினாள். இதற்கும் ஐந்து.

புதுநகரில், 1953இல் கண்ணீர் வடித்ததாக நம்பப்படும் மாதா உருவத்துக்காக எழுப்பி 1994இல் திறந்த கூம்பு வடிவக் கான்கிரீட் ஆலயம் எந்தத் திசையிலிருந்தும் கண்ணில் படும். சித்தி அங்கே மெழுகுதிரி கொளுத்தினார். கட்டடக் கலையாக எனக்கு ஒட்டவில்லை.

நடைமுறைக்குச் சில வார்த்தைகள். தேவாலயங்கள் பலவும் நண்பகலில் சில மணி நேரம் பூட்டியிருக்கும். தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். பூங்காவுக்குள் தண்ணீர்ப் புட்டியும் தொப்பியும் இல்லாமல் போகக் கூடாது. ஓர்த்தீஜாவின் கல் பாவிய தெருக்கள் தேய்ந்து வழுவழுப்பாக இருப்பதால், மழை பெய்தால் வழுக்கும்; சாதாரணச் செருப்பு உதவாது. ஒரே நாள்தான் இருக்கிறது என்றால், காலையில் முதல் ஆளாகப் பூங்கா, அரங்கோடு நிறுத்திக்கொண்டு நண்பகலுக்குள் ஓர்த்தீஜா, மாலை வரை அங்கேயே.

ஏதென்ஸ் படையின் முற்றுகைக்குப் பிறகு முதலாம் தியோனீசியஸ் நகரைச் சுற்றி எழுப்பிய சுமார் 27 கிலோமீட்டர் மதிலின் மேற்கு மூலையில், எயூரியாலோ என்ற கிரேக்கக் கோட்டை குன்றின்மேல் இருக்கிறது. கடைசி நாள் மாலை அங்கே போகலாம் என்றிருந்தோம். பேருந்து நிறுத்தத்தில் நின்ற ஒரு பாட்டி, அது பெரும்பாலும் பூட்டித்தான் இருக்கும் என்று கையை ஆட்டிச் சொல்லிவிட்டார். சித்தி அதை எனக்கு மொழிபெயர்த்துவிட்டு, அந்த ஒரு மணி நேரத்துக்கு வீயா மினெர்வாவுக்கே திரும்பிப் போகலாமா என்று கேட்டார். போனோம். எயூரியாலோவுக்கு மதிப்பெண் இல்லை.